பழைய கார்டைக் கேளுங்கள்

2025 மே 19-ஆம் தேதி ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 299 டாலர். அதற்கு முந்திய வாரத்திலிருந்தே, ஈப்போவில் நான் கணினி பழுது பார்க்கும் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மாத்தலாமா அண்ணே?" இன்றும் கேட்கிறார்கள். 2019-இல் 2060, 2021-இல் 3060, 2023-இல் 4060 என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண் மாறுகிறது. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

கேட்கிறவர்கள் சுங்கை சிப்புட், சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், கம்பார் பக்கத்துத் தாமான்களிலிருந்து மோட்டாரில் வருகிற பிள்ளைகள். தாத்தா பாட்டி பால் மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீட்டுமனை வந்துவிட்டது. என் அம்மாவும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் விடிகாலைப் பெரட்டுக்கு நின்றவர்தான். அதனால் ஒரு பொருளின் விலையைக் கேட்டதும், அது எத்தனை நாள் சம்பளம் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடும். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். 299 டாலரை அன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கினாலே ஏறக்குறைய 1,280 ரிங்கிட் வருகிறது. கடையில் அதற்கு மேல்தான். ஒரு குடும்பத்தின் முக்கால் மாதச் சம்பளத்தை ஒரு பையன் கணினிப் பெட்டிக்குள் பொருத்தப் போகிறான் என்றால், அந்த முடிவுக்கு உரிய மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும்.

என் பதில் இதுதான்: புதிய கார்டைப் பற்றி விசாரிக்கும் முன்னே பழைய கார்டை விசாரியுங்கள். அது இப்போது முழு வலுவோடு உழைக்கிறதா, வேறு எதற்காகவோ காத்துக் கிடக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் விளம்பரத்தையும் காணொளிகளையும் எத்தனை பார்த்தாலும் முடிவு குருட்டாம்போக்காகத்தான் இருக்கும்.

கார்டின் வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1920-க்கு 1080 அளவுள்ள சாதாரணத் திரையில் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. விளையாட்டு ஓடும்போது அத்தனை புள்ளிகளும் வினாடிக்கு அறுபது முறையாவது புதிதாக வரையப்பட வேண்டும். குறைந்தால் அசைவு துண்டு துண்டாகத் தெரியும். யார் எங்கே நிற்கிறார், குண்டு எந்தப் பக்கம் பாய்கிறது, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதையெல்லாம் கணக்கிடுவது புரொசசர். அந்தக் கணக்கைப் படமாக வரைந்து தருவது கார்டு. புரொசசர் கணக்கை முடித்துக் கொடுக்கும்வரை கார்டு சும்மாதான் இருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டானாலும் சரி.

இந்தக் காத்திருப்பை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். என்விடியா, ஏஎம்டி இரண்டும் இலவசமாகத் தரும் மென்பொருளில், விளையாடும்போதே கார்டு எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்று திரை மூலையில் காட்டும் வசதி இருக்கிறது. விசின்க் என்ற அமைப்பையும் ஃபிரேம் கட்டுப்பாட்டையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். 95-க்கு மேல் நின்றால் கார்டு தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்கிறது. 60, 70-இல் ஊசலாடினால் முட்டுக்கட்டை வேறெங்கோ இருக்கிறது. இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. திரைத் தெளிவை 1080-இலிருந்து 720-க்குக் குறையுங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. கார்டுதான் குறை என்றால் வேகம் தாவி ஏற வேண்டும். ஏறவில்லையா? புரொசசரையும் ரேமையும் பாருங்கள். பழைய ஏஎம்4 மதர்போர்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ரைசன் 5 5600 போன்ற ஒரு புரொசசர், பயாஸைப் புதுப்பித்துப் போட்டால், புதிய கார்டைவிடக் கூடுதல் பலன் தந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

5060 வந்த அடுத்த மாதம் சிம்மோரிலிருந்து ஓர் அக்கா மகனை அழைத்துக்கொண்டு வந்தார். மருத்துவமனையில் துப்புரவு வேலை. பையன் ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் எழுதப் போகிறவன்.

"தம்பி, இவன் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு ஏதோ கார்டு கேக்கிறான். நல்லாப் படிக்கிறான், இல்லேன்னு சொல்ல மனசு வரல. வாங்கிக் குடுக்கலாமா, நீயே சொல்லு."

"இப்ப என்ன கார்டு இருக்கு ஐயா?" என்று பையனிடம் கேட்டேன்.

"3060 அண்ணே. மாமா மகன் குடுத்தாரு. கேம் ஓடும், ஆனா நடுவுல நடுவுல நின்னு நின்னு போகுது."

பெட்டியைத் திறந்தேன். 12 ஜிபி நினைவகம் உள்ள 3060; நல்ல கார்டு. மதர்போர்டில் 8 ஜிபி ரேம் ஒரே ஒரு குச்சியாகச் செருகியிருந்தது. ரேமை இரண்டு குச்சியாகப் போட்டால்தான் புரொசசர் இரண்டு பாதையிலும் தரவை இழுக்கும். ஒற்றைக் குச்சியென்றால் பாதி வழி அடைபட்டிருக்கும். அதோடு இன்றைய விளையாட்டுகளுக்கு 8 ஜிபி போதவே போதாது. கடையில் கிடந்த பழைய குச்சியொன்று அதற்கு இணையாக இருந்தது. அதைப் போட்டேன். மானிட்டரின் பின்புறம் பார்த்தால் 144 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. விண்டோஸ் அமைப்பிலோ 60 ஹெர்ட்ஸ். அதையும் மாற்றினேன். பையன் உட்கார்ந்து விளையாட்டை ஓட்டிப் பார்த்தான். அம்மா கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ஆன செலவு, அவன் கேட்ட கார்டின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பால் வற்றிய மரத்துக்கு நோயா, மழைக் காலமா, பட்டை தேய்ந்துவிட்டதா என்று பார்க்காமல் உளியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவரை என் அம்மா எந்தக் காலத்திலும் நல்ல வெட்டுக்காரர் என்று ஒத்துக்கொண்டதில்லை.

"லேக்" என்று வருகிற புகார்களில் கணிசமானவை கார்டையே சேர்ந்தவை அல்ல. வலோரன்ட், டோட்டா 2 ஆடுகிற நம் பிள்ளைகள் பெரும்பாலும் சிங்கப்பூரில் இருக்கும் சர்வரோடு இணைகிறார்கள். வீட்டின் முன்னறையில் இணையப் பெட்டி, பின்னறையில் கணினி, நடுவில் இரண்டு செங்கல் சுவர். அடித்த குண்டு அரை வினாடி கழித்துப் படுகிறது என்றால் அது வைஃபை. இருபது ரிங்கிட் கேபிள் ஒன்றை இழுத்துப் பாருங்கள்.

இத்தனையும் சோதித்த பிறகும் கார்டுதான் முட்டுக்கட்டை என்று தெரிந்தால், அப்போது எண்களுக்கு வரலாம்.

4060-ஐவிட 5060 ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம். 3060-ஐவிட 4060 கூடுதலாகத் தந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டையும் சேர்த்தால் 3060 வைத்திருப்பவருக்கு நாற்பது விழுக்காட்டுக்குச் சற்று மேல். வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடிய விளையாட்டு 85 ஓடும். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் அந்தக் கூடுதல் இருபத்தைந்து ஃபிரேமும் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. ஸ்டீம் விளையாட்டுத் தளம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் 1080 திரையில்தான் விளையாடுகிறார்கள். ஈப்போவிலும் நான் பார்ப்பது அதுவே. ஆகவே 3060, 4060, அவற்றுக்கு இணையான ஏஎம்டி கார்டு வைத்துக்கொண்டு 1080 திரையில் ஆடுகிறவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதே. தயங்காமல் சொல்கிறேன். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு மாறுவது பணத்துக்கு ஏற்ற மாற்றமாக இருப்பது அபூர்வம்.

2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 இன்னும் என் மேசைக்கு வருகிறது. அந்தக் கார்டின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஒன்பது ஆண்டு உழைத்த பொருள் அது. ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது. ஒளிக்கதிர் எப்படிப் பாய்ந்து எதில் பட்டுத் திரும்புகிறது என்று நேரடியாகக் கணக்கிடும் ரே டிரேசிங் சுற்றமைப்பு 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்துதான் என்விடியா கார்டுகளில் இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸும் அந்தச் சுற்றமைப்பு இல்லாத கார்டில் விளையாட இயலாதபடியே உருவாக்கப்பட்டவை. இதற்கு மேல், 10 வரிசைக்கான புது விளையாட்டு டிரைவர்களை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர்வரை வரும். 1060 வைத்திருப்பவருக்கு இன்றைய நடுத்தரக் கார்டு எதுவானாலும் இரண்டரை, மூன்று மடங்கு வேகம் கிடைக்கும். அவருக்கு "மாற்று" என்று மனதாரச் சொல்வேன்.

எதற்கு மாற்றுவது? இங்கேதான் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 5060-இல் 8 ஜிபி நினைவகம். நான்கு ஆண்டு முந்திய 3060-இல் 12 ஜிபி. சுவர், புல், முகம், உடை எல்லாவற்றின் மேல்தோற்றத்தையும் கார்டு தன் சொந்த நினைவகத்தில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. அங்கே இடம் நிறைந்துவிட்டால், மதர்போர்டு வழியாகக் கணினியின் ரேமுக்குப் போய் எடுத்துவர வேண்டும். அந்த வழி மிகவும் மெதுவானது. அப்போது சராசரி வேகம் நன்றாகவே தெரியும், ஆனால் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் படம் விக்கும். சில இடங்களில் சுவர் மங்கலான களிமண்போல நிற்கும். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் பொது நினைவகமாக 16 ஜிபி இருக்கிறது. பெரிய விளையாட்டுகளை உருவாக்குகிறவர்கள் அதை அளவாக வைத்தே வேலை செய்கிறார்கள். 8 ஜிபி கார்டு இன்று பல விளையாட்டுகளுக்குப் போதும். இன்னும் நான்கு ஆண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பழைய மதர்போர்டுக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். 5060-உம் 5060 டிஐ-உம் எட்டுப் பாதையில்தான் மதர்போர்டோடு பேசுகின்றன. புதிய பிசிஐ 5 போர்டில் எட்டுப் பாதை தாராளம். பி450 போன்ற பிசிஐ 3 போர்டில் அதே எட்டுப் பாதை நான்கில் ஒரு பங்கு வேகத்துக்குச் சுருங்கிவிடும். நினைவகம் நிறைந்து ரேமுக்கு ஓட வேண்டிய நேரத்தில் அடி இரண்டு மடங்காகும். 2025 ஜூன் 5-ஆம் தேதி வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு பாதை உள்ளது. 16 ஜிபி வகையின் அறிவிப்பு விலை 349 டாலர். 1060-இலிருந்து ஏறி வருகிற பிள்ளைகளிடம் நான் பெரும்பாலும் அதைத்தான் காட்டுகிறேன். கை இன்னும் இறுக்கமாக இருந்தால் 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்த இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி. ஆனால் அதற்குப் புதிய புரொசசர் வேண்டும். பழைய புரொசசரோடு அது சோர்ந்துவிடும். 5060 டிஐ வாங்குவதென்றால் பெட்டியில் 16 ஜிபி என்று எழுதியிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஒரே பெயரில் 8 ஜிபி வகையும் அலமாரியில் பக்கத்திலேயே நிற்கும்.

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு, முந்திய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-க்கு இணையான வேகம் தரும் என்று அறிவித்தார். அந்தப் பேச்சைக் கேட்டுப் பரவசப்பட்டுப் பலர் என்னிடம் வந்தார்கள். அந்த இணை எப்படி வருகிறது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். கார்டு ஒரு படத்தை உண்மையில் வரைகிறது. அடுத்த படம்வரை இடையில் மூன்று படங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஊகித்துச் செருகுகிறது. ஃபிரேம் எண்ணிக்கை நான்கு மடங்காகத் தெரியும். ஆனால் நீங்கள் மவுஸை அசைத்தால் அதற்குப் பதில் சொல்வது உண்மையில் வரைந்த படம் மட்டும்தான். வினாடிக்கு 25 படம் வரையத் திணறுகிற கார்டில் இதைப் போட்டால், கண்ணுக்கு நூறு, கைக்கு இருபத்தைந்துக்கும் குறைவு. ஏற்கனவே 70, 80 வரைந்துகொண்டிருக்கும் கார்டில், 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில், அது அழகான வசதி. குறைந்த விலைக் கார்டு வாங்குகிறவருக்கு மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகவும் குறைவாக உதவுகிறது.

அதே அறிவிப்பில் இருந்த இன்னொன்று போதிய கவனம் பெறவில்லை. குறைந்த தெளிவில் வரைந்த படத்தைக் கூர்மையாக்கிப் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ்-இன் புதிய வடிவம், 2018-இன் 20 வரிசையிலிருந்து எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் இலவசமாக வந்தது. பழைய கார்டுகளில் சற்று வேகத்தைத் தின்றாலும் படத்தின் தரம் கண்கூடாக உயர்ந்தது. 2060, 3060 வைத்திருக்கும் ஒருவர், மென்பொருளைப் புதுப்பித்து ஒரு மாலை உட்கார்ந்து அமைப்புகளைச் சரிசெய்தால், காசு செலவில்லாமல் அரைத் தலைமுறை முன்னேறிவிடலாம்.

பழுது பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு மிகவும் கவலை தருவது பவர் சப்ளை. 5060 145 வாட் இழுக்கிறது. 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பது பரிந்துரை. பெட்டியில் 550 என்று ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. மலிவுப் பெட்டிகளோடு இலவசம்போலச் சேர்ந்து வரும் பெயர் தெரியாத பவர் சப்ளைகள், ஸ்டிக்கரில் உள்ள சுமையைத் தாங்குவதில்லை. இது மின்னல் நாடு. பிற்பகலில் கிந்தா மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால், மறுநாள் காலை என் கடைக்கு யாராவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல பவர் சப்ளை அந்த அடியில் தான் செத்துக் கார்டைக் காப்பாற்றும். மோசமானது கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஆயிரத்து முந்நூறு ரிங்கிட் கார்டை எழுபது ரிங்கிட் பவர் சப்ளையில் மாட்டித் தரச் சொன்னால் நான் மாட்டித் தருவதில்லை.

தூசியும் அப்படித்தான். சிம்பாங் பூலாய், கோப்பேங் பக்கத்திலிருந்து வரும் கணினிகளைத் திறந்தால் சுண்ணாம்புக்கல் மலைகளின் வெள்ளைத் தூள் விசிறி இடுக்கெல்லாம் படிந்திருக்கும். அறையில் 33 டிகிரி, தகரக் கூரை, அடைத்த விசிறி. கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதை வைத்திருப்பவர் கார்டு பழசாகிவிட்டது என்று நினைக்கிறார். கழற்றித் துடைத்துப் புதுப் பசை தடவினால் வாங்கிய நாளின் வேகம் திரும்பிவிடும்.

மின் கட்டணத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். நடுத்தரக் கார்டுக்கு அஞ்ச வேண்டாம். 2025 ஜூலைக்குப் பிந்திய கட்டண முறையில் வீட்டுப் பயன்பாட்டுக்கு ஒரு யூனிட் கழிவுக்கு முன் சுமார் 44 சென். 145 வாட் கார்டு நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் மாதம் ஏழெட்டு ரிங்கிட். 575 வாட் இழுக்கும் 5090 என்றால் முப்பது. அதை வாங்குகிறவர் என்னிடம் இந்தக் கேள்வியோடு வருவதில்லை.

மாற்றச் சொல்லி நானே வற்புறுத்திய ஆள் ஒருவர் உண்டு. புந்தோங்கில் கல்யாணப் படம் பிடிக்கும் தம்பி. அவர் கேமரா 4:2:2 வகை வண்ணப் பதிவு செய்கிறது. சேலையின் நிறமும் பூவின் நிறமும் பிசிறாமல் நிற்க அதுவே நல்லது. அவருடைய பழைய என்விடியா கார்டுக்கு அந்த வகைக் காணொளியைப் பிரித்துப் படிக்கும் சுற்றமைப்பு இல்லை. தொகுக்கும்போது ஒவ்வொரு நொடியும் தேங்கி நிற்கும். தைப்பூசத்தன்று குனோங் செரோ கல்லுமலைக் கோயிலில் எடுத்த காவடிப் படங்களை முடிக்க ராத்திரி முழுதும் விழித்திருப்பார். 50 வரிசைக் கார்டுகளில் அந்தச் சுற்றமைப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. அவருக்கு விளையாட்டு வேகத்தின் கணக்கே தேவையில்லை. மிச்சமாகும் இரவுகளில் இன்னொரு கல்யாண வேலையை எடுத்துக்கொள்ளலாம். கார்டு தன் விலையைத் தானே சம்பாதித்துவிடும்.

"கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்குமா?" முன்பெல்லாம் இறங்கும் என்று உறுதியாகச் சொல்லிவந்தேன். இப்போது அப்படிச் சொல்ல இயலவில்லை. காரணம் நம் கையில் இல்லாதது. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருமானம் 130.5 பில்லியன் டாலர். அதில் விளையாட்டுக் கார்டுகளின் பங்கு 11.4 பில்லியன், பத்தில் ஒன்றுகூட இல்லை. மிச்சத்தில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களிலிருந்து வருகிறது. நம் நாட்டிலேயே ஜொகூர் கூலாயில் ஒய்டிஎல் நிறுவனம் என்விடியாவோடு சேர்ந்து அமைக்கும் தரவு மையம் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. தைவானில் டிஎஸ்எம்சி ஆலையில் சில்லு செதுக்க இடம் கிடைத்தால், அதை எந்தப் பொருளுக்குக் கொடுப்பது என்பது அந்தக் கணக்குப் புத்தகத்திலேயே தெரிகிறது. நினைவகச் சில்லுகளின் கதையும் இதேதான்: 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது, மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் வணிகத்தை விட்டு விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது.

ஈப்போக்காரர்களுக்குச் சில்லு அந்நியமான பொருளல்ல. 1972-இல் தொடங்கிய கார்ஸெம், 1989-இல் தொடங்கிய யூனிசெம் இரண்டும் இங்கே சில்லுகளுக்கு உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகளை நடத்துகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் எங்கள் அக்கா தங்கைமார் பலர் முகமூடியும் அங்கியுமாக அத்தகைய ஆலைகளில் மூன்று ஷிப்டு பார்த்தார்கள். உலகச் சந்தை கொஞ்சம் தும்மினால் இங்கே ஓவர்டைம் போய்விடும் என்பது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே விலை ஏறிவிடும் என்ற அச்சத்தில் தேவையில்லாததை வாங்க வேண்டாம். தேவை உறுதியானால், விலை இறங்கும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம்.

ஒன்றில் மட்டும் பொறுமை கட்டாயம் வேண்டும்: வெளியான முதல் வாரம். 5060 வந்தபோது பெரும்பாலான விமர்சகர்களுக்கு அதை ஓட்டும் டிரைவர் முன்கூட்டிக் கிடைக்கவில்லை. நடுநிலையான சோதனை முடிவுகள் வருமுன்பே கார்டு கடைக்கு வந்துவிட்டது. பத்து நாள் பொறுத்தவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

பழைய கார்டு வாங்குவது நம் பக்கத்தில் அதிகம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதுவரை இரவு பகலாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு, வெந்து போனவையும் உண்டு. ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டச் சொல்லி, திரையில் புள்ளியோ கோடோ தெரிகிறதா, விசிறி அரைக்கிறதா என்று பாருங்கள். வரிசை எண் ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் உத்தரவாதமும் போயிற்று. நல்ல நிலையில் உள்ள 12 ஜிபி 3060 இன்றும் நான் கையைக் காட்டக்கூடிய பழைய கார்டு.

தவணையைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சிறுகச் சிறுகப் பணம் கட்டுவது தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. 1960-இல் சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தங்கள் பணத்தால் வாங்கினார்கள். கட்டிய பணம் நிலமாக நின்றது. இன்று கைப்பேசியில் ஓர் அழுத்தலில் கிடைக்கும் தவணையில் வாங்கும் கார்டு, கடைசித் தவணை கட்டி முடிப்பதற்குள் பாதி விலைக்கு இறங்கிவிடும். கையில் சேர்த்த காசில் வாங்குகிற பையனை நான் தடுப்பதில்லை. மூன்று செயலிகளில் மூன்று தவணை ஓடிக்கொண்டிருப்பவனிடம் மட்டும், பெட்டியை மூடித் தந்து, அடுத்த ஆண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கேள்வி கேட்கும் பிள்ளைகளிடம் நானும் ஒரு கேள்வி கேட்பேன்: "இப்ப என்னப்பா ஆடுறே?" வரும் பதில் பெரும்பாலும் டோட்டா 2, வலோரன்ட், கவுன்டர் ஸ்டிரைக். இவை எளிய கார்டிலும் ஓடும்படி செய்யப்பட்டவை. 2023 ஜூலையில் வந்த வெண்பா என்ற விளையாட்டை என் மகள் பழைய மடிக்கணினியில், தனிக் கார்டே இல்லாமல், ஆடி முடித்தாள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், இட்லி, பிரியாணி, கிழிந்துபோன சமையல் குறிப்பு. மறு ஆண்டு அது பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது. எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த ஒரே கணினி விளையாட்டு அதுதான்.

வாங்க முடிவெடுத்துவிட்டால், ரசீதில் கார்டின் முழுப் பெயரும் நினைவக அளவும் வரிசை எண்ணும் எழுதி வாங்குங்கள். முதல் வாரத்திலேயே நன்றாக வாட்டி ஓட்டுங்கள். குறை இருந்தால் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். கடைக்காரர் கைவிரித்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி முறையிடலாம். 50,000 ரிங்கிட்வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தொழிலாக விற்பவர்மேல்தான் இந்த முறையீடு செல்லும். பழைய கார்டைத் தனி ஆளிடமிருந்து ரொக்கத்துக்கு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்காகத்தான் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.